அடித்தட்டில் கிடக்கும் ஏடுகள்

எதைப் படிக்கலாம்? படிப்பகம் நடத்தும் தோழர்கள் நம்மை அடிக்கடி கேட்கும் கேள்வி இது. விடை கூறுவது எளிது என்றே எண்ணுகிறோம். வள்ளுவரைப் படியுங்கள், சிலம்பைப் படியுங்கள், பெரியாரைப் படியுங்கள், புரட்சிக்கவிஞரைப் படியுங்கள் என்று கூறிவிட்டால், கேட்டவர் தலையசைப்பார். சொன்ன நாமும் கடமை முடிந்ததெனக் களிப்போம். ஆனால் இவை அவர் அறியாத ஏடுகள் அல்லவே! ஊரறிந்த நூல்களின் பெயரை ஊராருக்கே ஓதுவது, காவிரிக் கரையிலே நிற்பவனுக்குத் தண்ணீர்ப் பந்தலைக் காட்டுவது போன்றதாகும்.

நூல்நிலையம் ஒன்றினுள் நுழைந்து பாருங்கள். கண்ணுக்கு நேரான தட்டிலே, பளபளக்கும் அட்டையுடன், சோதிடமும் சுலபத்தில் செல்வந்தராகும் வழியும் கொலுவீற்றிருக்கும். அதற்கடுத்த தட்டிலே தொடர்கதைகள். குனிந்து அடித்தட்டைப் பார்ப்போர் சிலரே. அங்கே, முதுகு கிழிந்து, மூலை மடிந்து, பூச்சி அரித்து, இரவல் தேதி முத்திரை பல்லாண்டாக விழாத தாளை ஏந்தியபடி, சில ஏடுகள் கிடக்கும். 1948-ஆம் ஆண்டிலே சென்னை மாகாணத்திலே பொது நூலகச் சட்டம் பிறந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் அப்படியொரு சட்டம் கண்ட முதல் மாநிலம் நம்முடையதே. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறோம். நம் காசில் வாங்கி வைக்கப்பட்ட அந்த ஏடுகளை நாம் தொடுவதில்லை. கறையான் தொடுகிறது!

அந்த அடித்தட்டைப் பற்றித்தான் இங்கே பேச விழைகிறோம்.

ஏன் பேச வேண்டும்? மேதாவிகள் சிலர் இரண்டு பேச்சுகளை ஓயாமல் பேசுகின்றனர். தமிழிலே பக்திப் பாடலும் காதல் கவிதையும் உண்டு, அறிவியலுக்கு இடமேது என்பது ஒன்று. பகுத்தறிவு என்பது 1925-இலே ஈரோட்டில் திடீரென முளைத்த காளான், அதற்கு முன்பு இந்நாட்டில் எவரும் ஏன் என்று கேட்டதில்லை என்பது மற்றொன்று. இவ்விரு பேச்சையும் மறுக்க மேடையேறி முழங்க வேண்டியதில்லை. அடித்தட்டிலிருந்து நாலைந்து ஏடுகளை எடுத்து மேசைமீது வைத்தாலே போதும். அவ்வேடுகளை எழுதியவர் யார்? பல்கலைக் கழகப் பீடங்களில் அமர்ந்த பேரறிஞர்களா? அஞ்சல்துறை அலுவலர் ஒருவர். தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவர். நாட்டு மருத்துவர் ஒருவர். தாசி வீட்டில் வளர்ந்த பெண்மணி ஒருவர். நிலவுரிமைக்காக வழக்காடியவர் ஒருவர். பீடமில்லாதவர் எழுதிய நூலுக்குப் பாடத்திட்டத்தில் இடம் கிடைப்பது அரிது. பாடத்தில் இல்லாத நூல் மறுபதிப்புக் காண்பது அதனினும் அரிது. அடித்தட்டுக்கு அவை வந்து சேர்ந்த வழி இதுதான்.

முதலில் எடுக்க வேண்டிய ஏடு, ஓர் அமெரிக்கருடையது!

சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரத்தில் 1822-இலே பிறந்தவர். மருத்துவம் கற்று, கிறித்தவ மிஷன் சார்பிலே 1847-இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மதம் பரப்ப வந்தவர்தான்; அதை மறைப்பானேன்? ஆனால், மானிப்பாயிலே மருத்துவமனை நடத்தி, உள்ளூர் இளைஞருக்கு மேலைநாட்டு மருத்துவத்தைக் கற்பிக்கத் தொடங்கியவர், சிறிது காலத்திலேயே ஓர் உண்மையைக் கண்டுகொண்டார். ஆங்கிலத்தில் படித்துத் தேறிய மருத்துவன் அரசாங்க உத்தியோகம் தேடி நகரத்துக்குப் போய்விடுகிறான். நோயாளியோ ஊரிலேயே இருக்கிறான்! தமிழிலே கற்றவனாயின், தமிழ் ஊர்களிலேயே தங்குவான், தன் மக்களின் மொழியிலேயே நோயின் காரணத்தை விளக்குவான். இந்தக் கணக்கு மெத்தப் படித்த பலருக்கு இன்றும் புரிவதில்லை. கிறீனுக்குப் புரிந்தது.

1852-இல் அவருடைய முதல் நூல் வெளிவந்தது. அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் என்று அதற்குப் பெயர். உடலின் அமைப்பு, உறுப்புகளின் இயக்கம், உடல்நலம் பேணும் முறை என்று இன்று நாம் சொல்வனவே அவை. பெயரைக் கேட்டு மிரள வேண்டா; அந்நாளைய தமிழ் அப்படி வடமொழி சுமந்து நடந்த தமிழ். 1857-இல் மகப்பேற்று மருத்துவம். 1864 முதல் மருத்துவப் பாடம் முழுவதையும் தமிழிலேயே நடத்தத் துணிந்தார். 1867-இல் இரணவைத்தியம் வந்தது. அறுவை மருத்துவத்தைப் படங்களுடன் விரிக்கும் பெருநூல் அது. 1872-இல் மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம். 1875-இல் கெமிஸ்தம் எனும் வேதியியல் நூல். உடல்நலங் குன்றி 1873-இல் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் ஓயவில்லை. கடலுக்கு அப்பால், தமிழ் ஒலியே கேட்காத ஊரில் அமர்ந்து, தமிழிலே மருத்துவம் எழுதினார்! 1883-இல் மனுஷ சுகரணம் வெளிவந்தது; அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். அவரிடம் மருத்துவம் கற்றுத் தேறியவர் அறுபதுக்கும் மேற்பட்டோர். மொழிபெயர்ப்புப் பணியிலே அவருக்குத் தோள்கொடுத்தவர்களும் அந்த மாணவர்களே.

பொதுவாசகர் இரணவைத்தியத்தை முதலிலிருந்து முடிவுவரை படிக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. அந்த மருத்துவமும் இன்று பழங்கதை. கிருமிகளைப் பற்றிய அறிவு முழுமை பெறாத காலத்தில் எழுதப்பட்டது, அதைக் கொண்டு எவரும் மருத்துவம் பார்த்துவிடக் கூடாது. இருபது பக்கம் புரட்டுங்கள், போதும். எலும்புக்கும் நரம்புக்கும், கத்திக்கும் கட்டுக்கும் சொல் தேடி ஒருவர் அலைந்த தடம் பக்கந்தோறும் தெரியும். தமிழ்ச் சொல் கிட்டினால் அது, கிட்டாவிடில் வடசொல், அதுவுமில்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழொலிக்கு ஏற்ப வளைத்துக்கொள்வது. கெமிஸ்தம் என்ற பெயரே அவ்வாறு வளைந்ததுதான். கலைச்சொற்களைப் பட்டியலிட்டும் அவர் வெளியிட்டார். மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க இயலுமா என்று இன்றும் கூட்டம் போட்டு ஆராய்கின்றனர். இயலும் என்பதை 1864-இலேயே செய்துகாட்டிவிட்டாரே ஒருவர்! அதன்பின் அது ஏன் நின்றது? பதவிக்கு வழி ஆங்கிலமே என்று ஆட்சி வகுத்தது. தமிழில் கற்ற மருத்துவனுக்கு ஆட்சியின் கதவு திறக்கவில்லை. மொழி தோற்றதாகச் சொல்வார்கள். தோற்றது மொழியா?

மருத்துவம் பேச வல்ல மொழி, மறுப்பும் பேச வல்லதன்றோ? யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வருவோம். ஆண்டு 1882.

அத்திப்பாக்கம் அ. வெங்கடாசல நாயகர் என்ற பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அவ்வாண்டில் அவர் ஒரு நூல் வெளியிட்டார். இந்துமத ஆசார ஆபாச தரிசினி என்பது அதன் பெயர். பெயரிலேயே பொறி பறக்கிறது! பிறப்பு முதல் இறப்பு வரை வைதிகம் விதித்த சடங்குகளையும், சாதிக் கட்டுகளையும், அவற்றைக் காட்டிக் காசு பறிக்கும் தந்திரங்களையும், செய்யுள் வடிவிலே சாடும் நூல். அவர் வெறும் சமய எதிர்ப்பாளர் மட்டுமல்லர். அதற்குப் பத்தாண்டு முன்பு, 1872-இலே, பாயக்காரிகளுக்கும் மிராசுதாரர்களுக்கும் இடையே எழுந்த விவாதத்தை விளக்கித் தனியொரு நூல் எழுதியவர். செங்கற்பட்டுப் பகுதியிலே, உழுபவன் ஒருவன், உரிமை கொண்டாடுபவன் வேறொருவன் என்ற நிலை. பரம்பரை மிராசு என்று சொல்லிக் கொண்டோர் நிலத்தின் பயனைப் பிடித்துக்கொள்ள, பாயக்காரிகளாகிய உழவர்கள் பயிரிட்டும் பயனிழந்து நின்றனர். அந்த அநீதியை ஆவணங்களோடு எடுத்துரைத்தவரே, பின்னர் அதற்கு அரண் செய்த ஆசாரத்தையும் அம்பலப்படுத்தினார். முதலில் நிலம்; பிறகு மதம். இந்த வரிசையை வரலாறு கற்போர் கவனிக்க வேண்டும். பகுத்தறிவு ஆகாயத்திலிருந்து அவர் மூளையில் இறங்கவில்லை, வரப்பிலிருந்து ஏறியது.

அவர் தனியாளும் அல்லர். சென்னை இலௌகிக சங்கம் என்றொரு அமைப்பு அந்நாளில் இயங்கிற்று. இங்கிலாந்திலே சார்லஸ் பிராட்லா நடத்திய நாத்திக இயக்கத்தோடு தொடர்பு கொண்டது. 1882 முதல் 1888 வரை தத்துவவிவேசினி எனும் தமிழ் இதழை அச்சங்கத்தார் நடத்தினர். சோதிடம், சாதி, பால்ய மணம், கைம்மைக் கொடுமை, படைப்புக் கதைகள் யாவும் அதிலே விசாரணைக்கு உள்ளாயின. குடிஅரசு தோன்றுவதற்கு நாற்பத்து மூன்றாண்டுகளுக்கு முன்பு! வெங்கடாசல நாயகரின் நூல்களை வே. ஆனைமுத்து தேடிப் பிடித்துத் தொகுத்து வெளியிட்டார். தத்துவவிவேசினியின் பக்கங்களைப் பேராசிரியர் வீ. அரசு பல தொகுதிகளாகத் திரட்டித் தந்துள்ளார். ஈரோட்டுக் கொள்கை அயல்நாட்டுச் செடி என்போரிடம் இத்தொகுதிகளில் ஒன்றைக் கையில் கொடுங்கள். நடை கரடுமுரடானது, ஒற்றுப்பிழை மலிந்தது என்று முகஞ்சுளிப்பார்கள். சுளிக்கட்டும். படித்துவிட்டுச் சுளிக்கட்டும்.

அதே 1882-இல், மராத்தியத்தில் நடந்தது மற்றொன்று. நம் நாட்டு நூல் அல்ல எனினும், நம் வீட்டுப் பெண்கள் கட்டாயம் அறிய வேண்டியது.

சூரத்திலே விஜயலட்சுமி என்ற பார்ப்பன இளங் கைம்பெண். கருவுற்றாள், பழிக்கு அஞ்சிப் பிறந்த குழவியைக் கொன்றாள். 1881-இல் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது; பின்னர் அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. கைம்பெண்ணை மறுமணம் செய்யவிடாத சமுதாயத்தைக் குறைகூற வேண்டிய பத்திரிகைகளோ, பெண்குலம் கெட்டது, புதுநாகரிகம் பெண்களைக் கெடுத்தது என்று எழுதித் தள்ளின. புனே வைபவ் எனும் பழைமை ஏட்டின் எழுத்தைக் கண்டு கொதித்தெழுந்தார் புல்தாணா ஊரைச் சேர்ந்த தாராபாய் ஷிண்டே. எழுதினார் ஸ்திரீ புருஷ துலனா எனும் சிறு நூலை. பெண்ணையும் ஆணையும் தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கும் நூல். பெண்ணுக்கு விதிக்கும் கற்பை ஆணுக்கு விதித்தீரா? மனைவி இறந்த மறுமாதமே மாலை சூடும் நீர், கணவன் இறந்தவளின் தலையை மழிப்பது எந்த நியாயம்? பெண்ணின் குற்றம் என்று நீர் அடுக்குவனவற்றுள் எது உம்மிடம் இல்லாதது? இவ்வாறு அடுக்கடுக்காகக் கேட்கிறார். புராணப் பெண்டிரையும் தேவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை.

புனாவிலே அச்சிட்ட படிகள் 500. விலை ஒன்பது அணா. எதிர்ப்புப் புயல் எழுந்தது. அவருக்கு ஆதரவாக எழுதியவர் மகாத்மா ஜோதிராவ் புலே. மற்றவர் ஏசினர் அல்லது மறந்தனர். தாராபாய் வேறு நூல் வெளியிட்டதாகச் செய்தி இல்லை. 1975-இலே மராத்தி அறிஞர் மால்ஷே மறுபதிப்புச் செய்யும் வரை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அந்நூல் அடித்தட்டுக்கும் அடியிலே கிடந்தது. 1994-இல் ரோசலிண்ட் ஓ'ஹான்லன் அதை ஆங்கிலமாக்கினார். ஆங்கிலம் அறிந்த தோழர்கள் ஒரே மாலையில் படித்துவிடலாம். படிப்போர், வங்கத்து ராசசுந்தரி தேவியின் தன்வரலாற்றையும் சேர்த்துப் படிப்பார்களாக. பெண் எழுத்தறிந்தால் கைம்மை வரும் என்று அஞ்சிய வீட்டிலே, ஏட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து அடுக்களையில் ஒளித்து வைத்து, மகன் எழுதிப் பழகிய ஓலையோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு எழுத்தறிந்தவர் அவர். எழுத்தைத் திருடியே கற்க வேண்டியிருந்தது!

இனி நம் நாட்டுக்கு மீள்வோம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயர் தெரியாதவர் இல்லை என்பீர்கள். உண்மை. 1989-இலே ஏழைப் பெண்களின் திருமண உதவித் திட்டத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2022 முதல், அரசுப் பள்ளியில் படித்த மாணவியர் கல்லூரியில் பயிலத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் பெறுகின்ற திட்டத்திலும் அவர் பெயரே விளங்குகிறது. படிவத்தை நிரப்பும் மாணவியரில் எத்தனை பேருக்குத் தெரியும், அவர் ஒரு நாவலாசிரியர் என்பது?

தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர். 1936-இல் வெளிவந்தது. வறுமையால் தாசி ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டு வளர்ந்தவர் அம்மையார். ஆகவே அவர் எழுதியது கேள்விப்பட்ட கதையன்று. மைனர்களையும் மிராசுதாரர்களையும் வளைக்கத் தாய் மகளுக்குப் பாடம் சொல்வதும், தரகர் வந்து பேரம் பேசுவதும், கோவிலின் பெயரால் பொட்டுக் கட்டுவதும், சொத்து கரைந்து மனைவி தெருவிலே நிற்பதும் உள்ளிருந்து பார்த்தவர் கண்ணால் காட்டப்படுகின்றன. அந்நாளில் தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி அம்மையார் சட்டமன்றத்திலே மசோதா கொணர்ந்து போராட, கலை போய்விடும், பண்பாடு போய்விடும் என்று பெரிய மனிதர்கள் பதறினார்கள். எவருடைய கலை? எவர் உடலின் விலையில் வளர்ந்த பண்பாடு? இந்நாவல் அந்தக் கேள்வியைக் கேட்கிறது. பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947-இல்தான் நிறைவேறிற்று. நூல் வந்து பதினோராண்டுகள் கழித்து.

நாவல் என்ற முறையில் இதில் குறையில்லையா? உண்டு. பாத்திரங்கள் பேசத் தொடங்கினால் மேடைப் பேச்சு ஆகிவிடும். பக்கக் கணக்கில் வாதம் நீளும். நல்லவர் மிக நல்லவர், கெட்டவர் மிகக் கெட்டவர். தேர்ந்த கதை வாசகர் நெளியக் கூடும். ஆயினும் இதன் உரையாடல்களில் இருக்கும் உயிர், இதே காலத்தில் வந்த மெருகேறிய நாவல்கள் பலவற்றில் இல்லை என்பது நம் கருத்து. மேலும் ஒன்று. தாசி என்றாலே ஆடவனை அழிக்கும் நாகம் என்று எழுதிய ஆண்கள் பலர் உண்டு. அம்மையாரும் வலையைக் காட்டுகிறார்; ஆனால் வலையைப் பின்னியவர் யார், பின்னச் சொன்னவர் யார், அதனால் வயிறு வளர்த்தவர் யார் என்று விரல் நீட்டிவிட்டு, வலைக்குள்ளிருந்து வெளியேறும் பெண்களையும் காட்டுகிறார். 1938-இல் திருச்சியிலிருந்து சென்னைவரை நடந்த இந்தி எதிர்ப்புப் படையோடு நடந்து வந்தவர் அவர். நடையின் உறுதி எழுத்திலும் உண்டு.

அம்மையாரின் நாவல் வந்த அதே பத்தாண்டுகளில்தான், ஈரோட்டிலிருந்து அணா விலையிலே சிறு நூல்கள் புறப்பட்டன. பகுத்தறிவு நூற்பதிப்புக் கழகம் அவற்றை வெளியிட்டது. எத்தனையோ உண்டு, இரண்டை மட்டும் சொல்வோம். ஒன்று, பகத்சிங் சிறையிலிருந்து எழுதிய நான் நாத்திகன் ஏன் எனும் கட்டுரையின் தமிழாக்கம். தமிழாக்கியவர் ப. ஜீவானந்தம். பிற்காலத்தில் கம்பன் புகழ் பாடிய அதே ஜீவாதான்; அந்த வழக்கை இங்கே இழுக்க வேண்டா! 23 வயதில் தூக்கிலேறிய இளைஞனின் சொல்லைத் தமிழில் தந்த குற்றத்துக்காக, அவர்மீதும் வெளியீட்டாளர் ஈ. வெ. கிருஷ்ணசாமி மீதும் அன்றைய அரசு வழக்குத் தொடுத்தது. ஒரு சிறு நூலைக் கண்டு ஒரு பேரரசு நடுங்கியதென்றால், அந்நூலைப் படிக்க வேறு பரிந்துரை வேண்டுமோ?

மற்றொன்று, மெஸ்லியரின் மரண சாசனம். பிரான்சு நாட்டின் ஆர்டென் பகுதியிலே எத்ரேபிஞி எனும் சிற்றூரில் 1689 முதல் 1729 வரை நாற்பதாண்டு பாதிரியாராக இருந்தவர் ழான் மெஸ்லியர். ஞாயிறுதோறும் பூசை நடத்தினார், ஞானஸ்நானம் கொடுத்தார், பிணத்துக்கு மந்திரம் ஓதினார். இறந்த பிறகு பார்த்தால், கைப்பட எழுதிய தடித்த ஏட்டின் மூன்று படிகள்! கடவுள் இல்லை, மதம் என்பது மன்னரும் குருக்களும் சேர்ந்து ஏழைக்குப் பூட்டிய நுகத்தடி, இத்தனை காலம் உங்களுக்குப் பொய் போதித்தேன், மன்னியுங்கள் என்று ஊர் மக்களுக்கு அவர் விட்டுச் சென்ற உயில் அது. வால்டேர் 1762-இல் அதைச் சுருக்கி வெளியிட்டபோது, நாத்திகத்தின் கூர்முனையை மழுக்கி, மெஸ்லியரை ஏதோ ஒருவகைக் கடவுள் நம்பிக்கையாளராகக் காட்டிவிட்டார். துணிவுக்குப் பெயர்போன வால்டேருக்கே கை நடுங்கிய ஏடு! அந்தக் கிராமத்துப் பாதிரியின் பெயரால் ஒரு நூல், இருநூறு ஆண்டு கழித்து, ஈரோட்டு அச்சகத்திலிருந்து தமிழுடை அணிந்து வந்தது. உயிரோடிருக்கையில் அவர் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்போர் உண்டு. திறந்திருந்தால் எரித்திருப்பார்கள். அது கோழைத்தனமா, தந்திரமா என்பதைப் படிப்போர் தமக்குள் வாதிட்டுக் கொள்ளட்டும். படிப்பகங்களில் பட்டிமன்றம் நடத்த ஏற்ற பொருள்.

வரலாறு கற்க விரும்புவோருக்கு இருவரைச் சொல்லி முடிக்கலாம். வி. கனகசபை அஞ்சல்துறையில் பணியாற்றியவர். சங்க நூல்களை ஏட்டுச் சுவடிகளிலும் அப்போதுதான் வந்த அச்சுகளிலும் படித்து, அந்நாளைய தமிழரின் நாடு, வாணிகம், வாழ்க்கை யாவற்றையும் 1904-இல் ஆங்கில நூலாக எழுதினார். பன்மொழிப் புலவர் கா. அப்பாத்துரையார் அதனை ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழகம் எனத் தமிழாக்கினார். அவருடைய முடிவுகள் சில பின்வந்த ஆராய்ச்சியில் நிற்கவில்லை. எனினும் யவனர் கப்பலும் புகார்த் துறையும் ஒரே படமாகக் கண்முன் எழுவது இந்நூலில்தான்.

மயிலை சீனி. வேங்கடசாமி மயிலாப்பூரில் நகராண்மைப் பள்ளி ஆசிரியர். மணம் புரியாதவர். பள்ளி விட்டதும் நூல்நிலையம், விடுமுறை வந்ததும் குகைக் கோவிலும் கல்வெட்டும் என்று வாழ்ந்தவர். பௌத்தமும் தமிழும் 1940-இலும், சமணமும் தமிழும் 1954-இலும் வந்தன. தமிழ் என்றால் சைவமும் வைணவமும் மட்டுமே என்று கூறிக் கொண்டிருந்தோரை வாயடைக்கச் செய்த நூல்கள். பள்ளியும், சேரியும், ஊர்ப் பெயரும், மரத்தடிச் சிலையும் சாட்சி சொல்ல, புத்தரும் அருகனும் தமிழ் மண்ணில் ஆண்டிருந்த காலத்தை அவர் மீட்டெடுக்கிறார். 1959-இல் வந்த மறைந்துபோன தமிழ் நூல்கள், நாம் பேசும் பொருளுக்கே தாய்நூல். உரையாசிரியர்கள் மேற்கோளாக எடுத்தாண்டதால் மட்டுமே பெயர் பிழைத்த நூல்களை ஒவ்வொன்றாகத் தேடி, கிடைத்த செய்யுளையும் திரட்டித் தருகிறார். வளையாபதியில் எஞ்சியவை 72 பாடல்கள், குண்டலகேசியில் 19. ஒன்று சமண நூல், மற்றொன்று பௌத்த நூல். சீவக சிந்தாமணி முழுமையாகப் பிழைத்ததே, அதுவும் சமண நூல்தானே என்று சிலர் கேட்பர். சொற்சுவைக்காகப் பிற சமயத்தாரும் படித்ததால் அது பிழைத்தது. படியெடுப்பார் இன்றிப் போன ஏடு செல்லுக்கு இரையாகும். எரித்தால்தானா நூல் சாகும்?

களப்பிரர் ஆட்சியில் தமிழகம் அவருடைய முதுமைக் காலத்து நூல். களப்பிரர் காலம் இருண்ட காலம் என்று பள்ளிப் பாடத்தில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்தோம். யாருக்கு இருண்டது? பாண்டியன் நெடுஞ்சடையன் காலத்து வேள்விக்குடிச் செப்பேடு சொல்லும் செய்தி இது: முதுகுடுமிப் பெருவழுதி வேள்வி செய்த பார்ப்பனனுக்குத் தானமாக ஓர் ஊர் கொடுத்தான், களப்பிரன் அதை நீக்கினான், கடுங்கோன் வழிவந்தோர் ஆட்சியில் அது மீண்டும் அவ்வழியினருக்கே சேர்ந்தது. தானம் போனவருக்கு அது இருட்டுத்தான். பௌத்தமும் சமணமும் தழைத்ததும் நூல்கள் பல தோன்றியதும் அந்த இருட்டிலேதான் என்று வேங்கடசாமியார் எடுத்துக் காட்டுகிறார். அவர் கூறுவன எல்லாவற்றையும் இன்றைய ஆய்வாளர் ஏற்கவில்லை. களப்பிரர் யார் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் இருண்டது என்ற தீர்ப்பை எழுதியவன் எவன் என்று கேட்கக் கற்றுத் தருகிறதே, அதற்காகவே அதைப் படிக்கலாம்.

ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரத்தை இப்பட்டியலில் சேர்ப்பதா என்று தயங்கினோம். 1917-இலே தஞ்சையில் சொந்த அச்சகத்தில் அச்சிட்ட, ஆயிரம் பக்கங்களுக்கும் மேற்பட்ட இசைக் கடல் அது. மூலிகை மருத்துவம் செய்து ஈட்டிய பொருளைத் தமிழிசை ஆராய்ச்சியில் கொட்டியவர் பண்டிதர். சுருதி இருபத்திரண்டு என்று வடநூல் வழியினர் சாதித்தபோது, சிலப்பதிகாரத்தைச் சான்றாக்கி இருபத்து நான்கு என வாதிட்டார். 1916-இல் பரோடாவில் கூடிய இசை மாநாட்டுக்குத் தம் பெண்மக்களை அழைத்துச் சென்று, அவர்கள் இசையாலேயே தம் கருத்தை மெய்ப்பித்துக் காட்ட முயன்றார். கணக்கு மிகுந்த நூல். இசை அறியாதார் முன்னுரையோடு நின்றுவிடலாம். நாமும் முழுவதும் நீந்தவில்லை.

இவையெல்லாம் எங்கே கிடைக்கும்? வேங்கடசாமியாரின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை, பல பதிப்புகளில் கிடைக்கின்றன. தமிழ் மின்நூலகத்தில் பழம்பதிப்புகள் பலவற்றை இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் தொழிலில் இருந்தவர். பழைய புத்தகக் கடைகளிலும் வீட்டுப் பரண்களிலும் தேடித் தேடிச் சேர்த்த பெருந்தொகுப்பு, 1992-இல் அவர் மறைந்த பின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994-இல் சென்னையிலே ஆராய்ச்சி நூலகமாயிற்று. அச்சில் இல்லாததைத் தேடுவோர் அங்கே செல்லலாம். கிறீன் நூல்களின் மண்ணாகிய யாழ்ப்பாணத்தில், 1981-இலே பொது நூலகம் கொளுத்தப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்தச் சாம்பலுக்குப் பின்னர் ஈழத்து இளைஞர்கள் 2005-இல் நூலகம் என்ற பெயரிலேயே மின்தொகுப்புத் தொடங்கி, எஞ்சிய ஏடுகளைப் படியெடுத்து வருகின்றனர்.

உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் இவற்றுள் ஏதும் இல்லையெனில், நூலகரிடம் பெயரைச் சொல்லி வாங்கி வைக்கக் கேளுங்கள். வரி கட்டுபவர் நாம். படிப்பகம் நடத்தும் தோழர்கள் இராமாமிர்தம் அம்மையாரின் நாவலில் தொடங்கலாம். ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்க, வாரம் ஓரிரு அத்தியாயமாக. அதற்கென்றே எழுதியது போல் இருக்கும்.